வெளுத்த ஓரங்கள்: பகல்வெளிச்ச டேங்கில் கழுவிய 4×5 ஷீட் ஃபிலிம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் வசிக்கும் நண்பர் ஒருவர், மரக்காணம் உப்பளங்களில் 4×5 அங்குலக் காமிராவை நெட்டுவாக்கில் திருப்பி, அடிவானத்தைச் சட்டகத்தின் கீழ்ப்பகுதியில் வைத்து, மேலே முழுக்க மேகமற்ற வானம் வருமாறு எடுத்த சில நெகட்டிவ்களைப் பார்வைக்குக் கொண்டுவந்தார். ஃபிலிம், தனித்தனித் தாளாக வரும் கறுப்பு-வெள்ளை இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ். வீட்டிலேயே, நான்கு தாள்களை ஒரே நேரத்தில் ஏற்கும் தட்டையான பகல்வெளிச்ச டேங்கில் (தாளை ஏற்றியபின் வெளிச்சத்திலேயே கழுவ உதவும் ஒளிபுகாப் பெட்டியில்) அவர் டெவலப் செய்திருந்தார். லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு தாளிலும் இரண்டு நீண்ட ஓரங்களை ஒட்டி, ஏறத்தாழ ஒரு விரல் அகலத்துக்கு, வானத்தின் அடர்த்தி நடுப்பகுதியைவிடக் கூடியிருந்தது. நெகட்டிவில் கூடுதல் அடர்த்தி பிரிண்ட்டில் வெளுப்பாகவே விழும் என்பதால், கான்டாக்ட் பிரிண்ட்டில் சாம்பல் நிற வானத்தின் இருபுறமும் வெள்ளைக் கரை கட்டியதுபோல் இருந்தது.

அவர் அதற்கு முன் கோயில் மண்டபங்களையும் தூண் சிற்பங்களையும் எடுத்து அதே டேங்கில் கழுவியவர். அந்த நெகட்டிவ்களையும் வாங்கிப் பார்த்ததில் அதே ஓரத் தடிப்பு அவற்றிலும் இருந்தது தெரிந்தது. கல்லின் நுணுக்கங்களுக்குள் அது ஒளிந்துகொண்டதால் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். வெற்று வானம் எதையும் மறைத்துத் தராது. 0.1 அடர்த்தி வேறுபாடு என்பது வெளிப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப்புக்குச் சமம் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியின் அளவு இரட்டிப்பது). சிற்பத்தில் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். சீரான வானத்தில், அதுவும் சற்றுக் கூடுதல் கான்ட்ராஸ்ட் உள்ள தாளில் பிரிண்ட் போட்டால், அது பார்ப்பவரின் கண்ணில் நேராக வந்து நிற்கும்.

முதலில் காமிராவின் மீதுள்ள சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. லென்ஸின் ஒளிச்சரிவு (ஓரங்களில் ஒளி குறைவது) காரணமாக இருந்தால் ஓரங்கள் நெகட்டிவில் மெலிந்திருக்க வேண்டும். இங்கே நிலைமை நேர்மாறு. டேங்கிலோ, தாளை ஏற்றப் பயன்படும் ஒளிபுகாத் துணிப்பையிலோ ஒளி கசிந்திருந்தால் வேறொரு தடயம் கிடைத்திருக்கும். ஷீட் ஃபிலிம் ஹோல்டரின் தண்டவாளங்கள் தாளின் விளிம்பை மூடிக்கொள்வதால், படத்துக்கு வெளியே ஒளி படாத ஒரு குறுகிய கரை எப்போதும் மிஞ்சும். வெளிப்பாட்டுக்கு முன்போ பின்போ டேங்கிலோ துணிப்பையிலோ ஒளி புகுந்திருந்தால் அந்தக் கரையிலும் மூட்டம் ஏறியிருக்கும். நண்பரின் தாள்களில் அந்தக் கரை கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. கூடுதல் அடர்த்தி ஒளி பட்ட இடத்தில் மட்டுமே சேர்ந்திருக்கிறது என்றால், அதைச் சேர்த்தது படத்தை வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பர்.

இருந்தாலும் ஊகத்தை நம்பி மேலே போவதைவிட, சுண்ணாம்பு அடித்த சுவரொன்றை நிழலில், லென்ஸை வேண்டுமென்றே ஃபோக்கஸ் நீக்கி, ஒரே வெளிப்பாட்டில் சில தாள்களில் பதிவு செய்து சோதிப்பது நல்லது என்று முடிவு செய்தோம். அவற்றில் ஒன்றை முழு இருட்டில், திறந்த டிரேயில், தாளைத் தனியாக வைத்து டிரேயின் நான்கு பக்கங்களையும் மாற்றி மாற்றித் தூக்கித் தாழ்த்தி டெவலப் செய்தபோது, அடர்த்தி ஓரத்திலிருந்து ஓரம் வரை சீராக வந்தது. மற்றொன்றை டேங்கில் நண்பரின் வழக்கமான முறையில் கழுவியபோது அதே கரைகள் அதே அகலத்தில் மீண்டும் வந்தன. ஸ்கேனரில் தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு இரண்டையும் அருகருகே ஸ்கேன் செய்து பார்த்தால், டென்சிட்டோமீட்டர் இல்லாமலே வேறுபாடு தெளிவாகிவிடும்.

அப்படியானால் டிரேயே போதாதா என்ற கேள்வி எழும். ஒரு தாளுக்குப் போதும். நான்கைந்து தாள்களை ஒரே டிரேயில் அடியிலிருந்து மேலாக மாற்றிக்கொண்டே இருக்கும்போது, ஒன்றின் மூலை மற்றொன்றின் ஈரமான எமல்ஷனை (ஒளி உணரும் ஜெலட்டின் பூச்சை) கீறிவிடும்; வெயில் காலத்தில் ஊறி மென்மையான ஜெலட்டினில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். எல்லா நிற ஒளியையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் என்பதால் சிவப்பு விளக்கும் உதவாது. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரில் விழும்வரை முழு இருட்டில், காற்றோட்டமில்லாத குளியலறையில் நிற்க வேண்டும். தாளை ஏற்றும் சில நிமிடங்களுக்கு மட்டும் இருட்டு தேவைப்படும் டேங்க், அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு ஆடம்பரமல்ல.

இப்போது நண்பரின் முறைக்கு வருவோம். டெவலப்பர் இல்ஃபோர்ட் ஐடி-11, நீர் சேர்க்காத ஸ்டாக் கரைசல். எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு இதில் 20 டிகிரி செல்சியஸில் 8½ நிமிடம் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். சித்திரை வெயிலில் அவருடைய கரைசல் 28 டிகிரியில் இருந்தது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு. 20 டிகிரியில் 4 நிமிடம் எடுக்கும் டெவலப்மென்ட் 23 டிகிரியில் 3 நிமிடமாகக் குறையும் என்பது இல்ஃபோர்ட் தரும் எடுத்துக்காட்டு. அந்த விகிதத்தையே நீட்டிப் பார்த்தால் 28 டிகிரியில் 8½ நிமிடம் ஏறத்தாழ 4 நிமிடமாகிவிடும். நண்பரும் அந்த 4 நிமிடத்தைத்தான் கடைப்பிடித்தார். கணக்கில் பிழையே இல்லை. நெகட்டிவின் நடுப்பகுதியில் அடர்த்தியும் கான்ட்ராஸ்ட்டும் நூலில் உள்ளபடி வந்திருந்தன என்பதே அதற்குச் சான்று. வெப்பநிலை அட்டவணை தாள் முழுவதற்குமான சராசரி அடர்த்தியைத்தான் சொல்கிறது. அந்த அடர்த்தி தாளின் எல்லா இடத்திலும் ஒன்றாக வருமா என்பதை அது சொல்வதில்லை. 5 நிமிடத்துக்கும் குறைவான டெவலப்மென்ட் சீரின்மையைத் தரலாம் என்று கோடாக்கின் ஃபிலிம் தகவல் தாள்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருவது இதனால்தான்.

காரணத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். இத்தகைய தட்டையான டேங்கில் டெவலப்பரை ஒளித்தடுப்பு வளைவுகள் வழியாக ஊற்ற வேண்டியிருப்பதால், நிரம்புவதற்கு 15 முதல் 20 விநாடி பிடிக்கும். அந்த நேரத்தில் தாளின் கீழ்விளிம்பு நனைந்து வேலையைத் தொடங்கிவிடும். மேல்விளிம்பு இன்னும் உலர்ந்திருக்கும். 20 விநாடி என்பது 4 நிமிடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நாங்கள் பின்னர் தேர்ந்த ஏழரை நிமிடத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இதைவிட முக்கியமானது தொடக்கத்தில் நடக்கும் அசைவு. டேங்குக்குள் தாளைத் தாங்கும் ஹோல்டரின் பள்ளங்களில் தாளின் நீண்ட விளிம்புகள் செருகியிருக்கின்றன. டேங்கைக் கவிழ்க்கும்போது திரவம் தாளின் பரப்பில் பரவலாகவும், விளிம்புக்கும் ஹோல்டருக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில் வேகமாகவும் ஓடுகிறது. வேகமாக ஓடும் இடத்தில் பயன்பட்டுத் தீர்ந்த டெவலப்பரும், வேலையைத் தடுக்கும் புரோமைடும் உடனே அகற்றப்பட்டுப் புதிய கரைசல் வந்து சேர்கிறது. நடுவில் அந்த மாற்றம் மெதுவாக நடக்கிறது. அந்த விளிம்பில்தான் கரை கட்டுகிறது. கரைசல் சூடாகவும் அடர்வாகவும் இருக்கும்போது எமல்ஷனில் பெரும்பகுதி வேலை முதல் ஓரிரு நிமிடத்திலேயே முடிந்துவிடும். ஆகவே அந்த நேரத்தில் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வைப் பின்னர் சரிக்கட்ட நேரமே மிஞ்சுவதில்லை.

நண்பர் டேங்கை அசைத்த விதமும் இதற்குத் துணைபோயிருந்தது. ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் ஒரே திசையில், ஒரே தாளத்தில், விறுவிறுவெனக் கவிழ்த்து நிமிர்த்தியிருக்கிறார். ரோல் ஃபிலிம் டேங்கில் சுருளுக்குள் திரவம் எப்படியும் குழம்பிப் போகும். தட்டையான டேங்கில் ஒரே தாளத்தில் செய்த அசைவு ஒரே பாதையில் ஓடும் நீரோட்டமாகிவிடுகிறது.

திருத்தத்துக்கு முதலில் எல்லோருக்கும் தோன்றுவது 20 டிகிரிக்குக் குளிர்விப்பது. மே மாதத்துச் சென்னையில் டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் ஆகிய நான்கையும் 20 டிகிரியில் பிடித்து வைப்பதற்கு ஐஸும் பொறுமையும் ஏராளமாக வேண்டும்; கடைசியில் 33 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் அலசும்போது எல்லாம் வீணாகும். என் கருத்தில் 20 டிகிரி குளிர்நாட்டு வீடுகளின் வசதிக்கான எண். நமக்குத் தேவையானது நேரம். அந்த நேரத்தைக் கரைசலை நீர்க்கச் செய்தும் பெறலாம். ஐடி-11 கரைசலை 1+1 என்ற அளவில் நீர்த்தால் எஃப்பி4 பிளஸுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம். அதையே 24 டிகிரிக்கு மாற்றினால் ஏறத்தாழ 7½ நிமிடம் கிடைக்கிறது. 24 டிகிரி என்பது இங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பும் ஒரு பை ஐஸும் இருந்தால் எட்டக்கூடியது.

நீர்ப்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. சரிபாதி ஸ்டாக், சரிபாதி தண்ணீர் என்பதால், அலமாரியில் இருக்கும் ஸ்டாக் 31 டிகிரியில் இருந்தாலும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று வெளியே வைத்த 17 டிகிரித் தண்ணீரைக் கலந்தவுடன் கலவை 24-ல் வந்து நிற்கும். ஐஸ் கட்டியை நேரடியாக டெவலப்பரில் போடக் கூடாது, அளவு கெட்டுவிடும். கட்டிகளை ஜிப் உள்ள பையில் போட்டு டப் தண்ணீரில் மிதக்கவிட்டு, அந்த டப்பிலேயே டேங்கையும் மற்றக் கரைசல் பாட்டில்களையும் நிறுத்தி வைக்கலாம். அசைக்காத நேரத்தில் டேங்க் டப்பில் இருந்தால், 32 டிகிரி அறையிலும் ஏழரை நிமிடத்தில் கரைசலின் சூடு பெரிதாக ஏறாது.

நீர்க்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. 4×5 தாள் ஒன்றின் பரப்பு 20 சதுர அங்குலம். நான்கு தாள் சேர்ந்தால் 80. இது 36 படமுள்ள ஒரு 35 எம்எம் ரோலுக்கோ, ஒரு 120 ரோலுக்கோ சமம். ஐடி-11 போலவே ஏறத்தாழ அதே சூத்திரம் கொண்ட டி-76 கரைசலை 1+1 அளவில் பயன்படுத்தும்போது, 80 சதுர அங்குலத்துக்கு 473 மில்லி கலவை வேண்டும் என்றும், அதில் பாதி அளவிலேயே கழுவினால் நேரத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டும் என்றும் கோடாக் கூறுகிறது. நண்பரின் டேங்க் கொள்வது ஏறத்தாழ 475 மில்லி. நான்கு தாளுக்கு 1+1 சரியாகப் பொருந்துகிறது; ஆனால் எல்லைக்கோட்டில்தான் பொருந்துகிறது. 1+3 வரை நீர்த்தால் 20 டிகிரியில் 20 நிமிடம் கிடைப்பது ஆசை காட்டும். அப்போது டேங்கில் இருக்கும் ஸ்டாக் 120 மில்லிதான். நான்கு தாளை அதில் போட்டால் வானம்போல் அதிகம் ஒளி பட்ட பகுதிகளில் டெவலப்பர் தீர்ந்து, கான்ட்ராஸ்ட் தளர்ந்துவிடக்கூடும். இரண்டு தாளோடு நிறுத்திக்கொண்டால் 1+3 கணக்கும் நிரவிவிடும்.

வேறு வகை டேங்குகளில் இந்தக் கணக்கு மாறும். உருளை டேங்குக்குள் பொருத்தும் மாட்54 சட்டத்தில் ஆறு தாளுக்கு 1 லிட்டர் கரைசல் செலவாகும், தாராளம். ஜோபோ 2520 டேங்கில் ஷீட் ஃபிலிம் ரீலைப் போட்டுப் படுக்கைவாக்கில் உருட்டினால் ஆறு தாளுக்கு 300 மில்லிக்கும் குறைவாகவே போதும். ஆனால் அங்கே நீர்த்த கரைசலில் ஸ்டாக்கின் அளவு போதுமா என்பதைத் தனியே சரிபார்க்க வேண்டும். தொடர்ந்து உருட்டுவதால் நேரத்தை 15 சதவீதம் வரை குறைக்க வேண்டியிருக்கும் என்பதும், வெயில் நாட்டில் ஏற்கெனவே சுருங்கிய நேரத்தை அது மேலும் சுருக்கும் என்பதும் கவனத்துக்குரியவை.

சுவர்ச் சோதனைத் தாள்களில் 1+1, 24 டிகிரி, 7½ நிமிடம் என்று மாற்றிய உடனேயே கரைகள் வெகுவாக மங்கின, முற்றிலும் மறையவில்லை. மீதியை நீக்கியது அசைவில் செய்த மாற்றம். ஊற்றி முடித்ததும் முதல் அரை நிமிடம் நிதானமாக, ஒரு கவிழ்ப்புக்கு மூன்று விநாடி என்ற வேகத்தில் தொடர்ந்து அசைத்து, அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் 10 விநாடி அசைப்பது. ஒவ்வொரு முறையும் டேங்கை வேறு பக்கமாகச் சாய்த்து, ஒருமுறை முன்னோக்கியும் அடுத்தமுறை பக்கவாட்டிலும் கவிழ்ப்பது. முடிவில் தரையில் மெல்லத் தட்டிக் குமிழிகளை நீக்குவது. டேங்கை விளிம்புவரை நிரப்பக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததே. உள்ளே காற்றுக்கு இடம் இருந்தால்தான் கவிழ்க்கும்போது திரவம் இடம் மாறும். முழுக்க நிரம்பிய டேங்கை எவ்வளவு கவிழ்த்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

ஃபிலிமை முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் சீராகுமே என்று நண்பர் கேட்டார். பலர் அப்படிச் செய்கிறார்கள். நல்ல பலன் பெற்றவர்களும் உண்டு. இல்ஃபோர்ட் தன் ஃபிலிம்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை, அதுவே சீரின்மைக்குக் காரணமாகலாம் என்கிறது. நேரத்தை நீட்டியே சிக்கல் தீர்ந்துவிட்டதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஹோல்டரின் உட்பகுதியில் திரவம் எப்படி ஓடுகிறது என்பதைக் காண ஒரு குறுக்குவழி கைகொடுத்தது. மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு பக்கமும் எமல்ஷன் பூசியிருக்கும். ஒரு காலத்தில் ஊட்டியிலிருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ எக்ஸ்ரே தாள்கள் நம் ஊர் மருத்துவமனைகளில் புழங்கியதைப் பழைய டெக்னீஷியன்கள் சொல்வார்கள். இப்போது கிடைக்கும் பச்சை ஒளி உணரும் தாளைச் சிவப்பு வெளிச்சத்தில் 4×5 அளவுக்கு வெட்டி, லேசாக ஒளி காட்டி, அதே ஹோல்டரில் போட்டுக் கழுவினோம். முன்பக்கம் சீராக வந்தது. ஹோல்டரைப் பார்த்திருந்த பின்பக்கத்தில் அதன் முட்டுகள் தாளைத் தொட்ட இடமெல்லாம் வெளிறிய கோடுகளாகப் பதிந்திருந்தன. பின்பக்கத்துக்குக் கரைசல் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் கிடைக்காது. சாதாரண ஃபிலிமில் பின்பக்கம் எமல்ஷன் இல்லாததால் படத்துக்குக் கேடில்லை.

ஆனால் அந்தப் பின்பக்கத்தில் பிரகாசமான பகுதிகளைச் சுற்றி ஒளிவட்டம் விழாமல் தடுக்கும் சாயப்பூச்சு இருக்கிறது. கரைசல் எட்டாத முட்டுகளின் மீது அந்தச் சாயம் கரையாமல் தங்கி, உலர்ந்த நெகட்டிவில் மெல்லிய நிறத் திட்டுகளாகத் தெரியும். நண்பரின் தாள்களில் சிலவற்றில் அதுவும் இருந்தது. அவர் அதை ஃபிக்ஸர் போதாமை என்று எண்ணிப் புது ஃபிக்ஸர் கலந்துகொண்டிருந்தார். ஃபிக்ஸிங் முடிந்த தாளுக்கு வெளிச்சம் பகையல்ல. ஹோல்டரிலிருந்து உருவி, ஒரு டிரேயில் பின்பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்தால் திட்டு போய்விடும். பிடிவாதமாக நிற்பதைச் சோடியம் சல்ஃபைட் கலந்த நீர் கரைத்துவிடும்.

அலசுவதற்கு ஓடும் குழாயின் அடியில் அரைமணி நேரம் வைக்க வேண்டிய அவசியமில்லை. ஜெலட்டினைக் கடினமாக்கும் பொருள் சேராத ஃபிக்ஸராக இருந்தால், டேங்கை நிரப்பி 5 முறை, தண்ணீர் மாற்றி 10 முறை, மீண்டும் மாற்றி 20 முறை கவிழ்ப்பது போதும் என்பது இல்ஃபோர்ட் முறை. இந்த டேங்கில் அதற்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவான தண்ணீரே ஆகும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இது சிறிய விஷயமல்ல. அந்த ஒன்றரை லிட்டரையும் டப்பில் வைத்து 24 டிகிரிக்கு அருகே கொண்டுவந்துவிட முடியும் என்பதால், குளிர்ந்த கரைசலிலிருந்து சூடான தண்ணீருக்குத் தாவும் சிக்கலும் இதோடு நீங்குகிறது. இன்றைய ஃபிலிம்களில் அத்தகைய தாவலால் எமல்ஷன் சுருக்கம் விழுவது அரிது. ஆனால் ஊதிப்போன ஜெலட்டினில் நகம் பட்டாலே கோடு விழும்.

போர்வெல் தண்ணீரின் உப்பு உலர்ந்தபின் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். ஆகவே ஸ்டாக் கரைக்கவும், கடைசி முக்கலுக்கும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரையே பயன்படுத்துவது நல்லது. கடைசி முக்கலில் தண்ணீர் துளியாகத் தங்காமல் வழியச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் சில துளி போதும்.

தாள் ஏற்றுவது குறித்து ஒன்று. வியர்க்கும் மாதங்களில் கையைத் துணிப்பைக்குள் விட்டுப் பத்து நிமிடம் தடவிக்கொண்டிருந்தால், பைக்குள் ஈரம் ஏறி, தாள் விரலில் ஒட்டி, எமல்ஷன் மீது ரேகை பதியும். ஜன்னல் அடைத்த குளியலறையில் இரவில், விசிறியடியில் கையை உலர்த்திக்கொண்டு ஏற்றுவது மேல். தாளை நிமிர்த்திப் பிடித்து, இருட்டில் தடவி அறியும் குறிவெட்டு மேல்விளிம்பில் வலது மூலையில் வந்தால் எமல்ஷன் உங்கள் முகம் பார்த்திருக்கிறது. அந்தப் பக்கம் ஹோல்டரின் முட்டுகளைத் தொடாமல் வெளியே பார்க்குமாறு செருக வேண்டும். வீணான தாள் ஒன்றை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பழகியபின் உண்மையான தாளைத் தொடலாம்.

நண்பர் பின்னர் மரக்காணத்துக்குத் திரும்பிப் போய் அதே உப்பளத்தை எடுத்துவந்தார். 1+1 அளவில் நான்கு தாள் ஏற்றிய முறையில் வானம் ஓரம் வரை சீராகவே இருந்தது; ஒரே ஒரு தாளில், ஹோல்டரின் கீழ்ப்பள்ளம் தொடங்கும் இடத்தில், தேடினால் மட்டும் தெரியும் ஒரு தடம் மிஞ்சியிருந்தது. அதனால் இப்போது அவர் வானமும் நீர்ப்பரப்பும் அதிகம் உள்ள தாள்களைத் தனியே பிரித்துக்கொண்டு, டேங்கில் இரண்டு தாள் மட்டும் ஏற்றி, 1+3 கலவையில், 24 டிகிரியில் ஏறத்தாழ 13½ நிமிடம் கழுவுகிறார். சிற்பங்களும் மரங்களும் உள்ள தாள்கள் நான்கு நான்காக 1+1-இல் போகின்றன. கோடை முடிந்து, குழாய்த் தண்ணீர் தானாகவே 25 டிகிரிக்கு இறங்கும் மார்கழியில், அதே நேரங்களை டப்பும் ஐஸும் இல்லாமல் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதுதான் மிச்சம்.